ஐந்தாவது படத்தில் இல்லாதது

மார்ச் 4

அண்ணா,

நேற்று உன் சர்வீஸ் சென்டரில் நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. மேலாளருக்குப் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற மெக்கானிக் என் கூடப் பிறந்தவன் என்பதைச் சொல்லவில்லை. மேலாளரின் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்த விளம்பரப் படத்தில், என்னுடையதைப் போலவே ஒரு சிவப்புக் கார் பந்தய ட்ராக்கின் வளைவில் சீறிக்கொண்டு போவதையும் சொல்லவில்லை.

முதலாவதை உனக்காக விழுங்கினேன். இரண்டாவது எனக்குத் தோன்றியதே பஸ் ஏறிய பிறகுதான். எனக்குச் சரியான பதில் எப்போதுமே ஒரு பஸ் தாமதமாகத்தான் வரும்.

"ட்ராக்ல ஓட்டினீங்களா?" என்று மேலாளர் கேட்டார்.

"ஓட்டினேன்."

"அப்ப முடிஞ்சுது மேடம். ரேஸ் ஓட்டிட்டு வந்து வாரண்டி கேட்டா நாங்க எங்க போய் முட்டிக்கிறது?"

நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நீ வேலை செய்யும் இடம் என்று யாரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

என்ன நடந்தது என்று நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். ட்ராக்கில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி நாள், நான்காவது சுற்று. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். வலப்பக்கம் வளைந்துகொண்டே போகும் அந்த நீண்ட வளைவின் நடுவில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை மின்னியது. உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம். இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டே போய்ப் புல்லில் நிறுத்தினேன். "இதைவிடச் சீக்கிரம் யாராலும் நிறுத்த முடியாது" என்றார் பயிற்சியாளர். வண்டி வாங்கிப் பதினான்கு மாதம். எந்த சர்வீஸும் தப்பவில்லை. இந்த மாடலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நீதான்.

இப்போது ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறார்கள். இன்ஜின் கெட்டது என் தவறான பயன்பாட்டால்தான் என்று நான் கையெழுத்துப் போட்டால், நல்லெண்ண அடிப்படையில் பழுது பார்த்துத் தருவார்களாம். போட மாட்டேன். நான் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளும் நல்லெண்ணம் எனக்கு வேண்டாம்.

உன்னிடம் ஒரே கேள்வி. இன்ஜினைப் பிரித்தது நீ. உள்ளே என்ன பார்த்தாய்?

நீ என் போனை எடுப்பதில்லை என்பதால் இதை அம்மாவின் பையில் போடுகிறேன். ஒட்டியிருக்கிறேன். அம்மா, பிரிக்காதே.

தங்கை


மார்ச் 12

பூனை,

அம்மா லெட்டரக் கொண்டாந்து என் தட்டுக்குப் பக்கத்துல வச்சாங்க. "பிரிச்சுப் படிச்சியா?"ன்னு கேட்டேன். "எனக்கு வேற வேல இல்லையா"ன்னாங்க. கை கழுவப் போனவங்க திரும்பி வந்து, "அவள அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்லுடா"ன்னாங்க. சரி, விடு.

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. வண்டிக்கு என்ன வேலன்னு ஜாப் கார்டு எழுதிப் பழகின கை. அதனால நேரா சொல்றேன்.

கையெழுத்துப் போட்டுடு. காதும் காதும் வச்ச மாதிரி நானே ராப்பகலா வேல பார்த்து வண்டிய முன்ன மாதிரி ஆக்கித் தர்றேன். பேப்பர்ல ரெண்டு வரி இருந்துட்டுப் போகுது. யாரு படிக்கப் போறா? உன்ன மாதிரி ஆளுங்கதான் வாரண்டி புக்கெல்லாம் படிப்பீங்க.

எங்க கம்பெனில ஒரு ரூல் இருக்கு. சொந்தக்காரங்க வண்டி வந்தா எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கிடணும், வேற ஆளுதான் தொடணும். நான் எழுதிக் கொடுக்கல. வேற எவன் கையிலயும் உன் வண்டியக் கொடுக்க மனசு வரல, அவ்வளவுதான். இது வெளிய தெரிஞ்சா என் சீட்டக் கிழிச்சுடுவாங்க. பத்து வருஷம். அடுத்த மாசம் போர்மேன் ஆக்குறதா பேச்சு. அண்ணிகிட்டகூட இன்னும் சொல்லல.

நான் அன்னிக்கே சொன்னேன், கார்னா ஆபீஸ் போ, வீட்டுக்கு வான்னு. கேட்டியா? வாயத் திறந்து நாலு வார்த்த பேசாத பொண்ணு, வண்டில ஏறினா மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஓட்டுற.

பேரிங் போயிடுச்சு. ராட் வளைஞ்சுடுச்சு. அவ்வளவுதான் பார்த்தேன். விடு.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

உன் கடிதத்தில் "அவ்வளவுதான்" இரண்டு முறை வருகிறது. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துவிட்டு அப்பாவிடமும் இப்படித்தான் சொன்னாய். "ஒண்ணும் பண்ணல, திறந்தேன், அவ்வளவுதான்." சட்டைப் பையில் மூன்று திருகாணி இருந்தது.

பேய் பிடித்த மாதிரி என்றாய். சொன்னால் சிரிப்பாய், ஆனாலும் சொல்கிறேன். நாள் முழுக்க நூலகத்தில் மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். ட்ராக்கில் இருபது நிமிடம் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அடுத்த வளைவு மட்டும்தான். அங்கே நான் அடக்கமாக இருக்க வேண்டியதில்லை, சரியாக இருந்தால் போதும். அந்த இருபது நிமிடத்தைத்தான் இவர்கள் "தவறான பயன்பாடு" என்கிறார்கள். எனக்கு இன்ஜின் போனதைவிட இந்த இரண்டு சொல்தான் உறுத்துகிறது.

ஆமாம், வாரண்டி புத்தகத்தைப் படித்தேன். அறுபத்திரண்டு பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விலக்கு என்று எழுதியிருப்பது "நேரம் கணக்கிடப்படும் போட்டி". அன்று கடிகாரம் இல்லை, போட்டி இல்லை, பரிசு இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பக் கற்றுக்கொண்டோம். திரும்பும்போது எண்ணெய் வற்றும் கார் என்றால், அது ட்ராக்கின் வளைவில் சீறும் படத்தை மேலாளர் சுவரில் மாட்டியிருக்கக் கூடாது. இதை இப்போது எழுத்தில் கேட்டிருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

இனி உன் விஷயம். எனக்கு அனுப்பிய ஆய்வு அறிக்கையோடு ஆறு புகைப்படம் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது படத்தில் கழற்றிய பாகங்களை வெள்ளைத் துணியில் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்கியிருக்கிறது. யார் கை என்று எனக்குத் தெரியும். வீட்டில் செருப்பைக்கூட அளவு வாரியாக அடுக்குகிறவன் நீ ஒருவன்தான்.

அந்த வரிசையில் எல்லாம் கறுப்பு எண்ணெயோடு கிடக்கிறது. பேரிங், ராட், பம்ப், எல்லாம். ஒன்று மட்டும் கடையில் வாங்கியது போலப் பளபளக்கிறது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் சல்லடை. அறிக்கையில் அதற்கு நேரே, "ஸ்ட்ரெய்னர் சுத்தமாக உள்ளது, எண்ணெய் ஓட்டத்தில் தடையில்லை, எனவே பழுது ஓட்டியவரால்" என்று இருக்கிறது.

எல்லாம் அழுக்காக இருக்க, அழுக்கைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் ஒன்று மட்டும் எப்படி அண்ணா சுத்தமாக இருக்கும்?

தங்கை


மார்ச் 30

பூனை,

ரெண்டு வாரமா அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. "பதில் எழுதிட்டியா? ஒரே ஊர்ல இருந்துகிட்டு என்னத் தபால்காரி ஆக்கினீங்க. இப்ப அந்த வேலையும் இல்லையா?"

எழுதிக் கிழிச்சேன். மூணு தடவ.

நான்தான் கழுவினேன்.

அன்னிக்கு சம்ப, அதான் இன்ஜினுக்கு அடியில எண்ணெய் தேங்குற சட்டிய, கழட்டினதும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஸ்ட்ரெய்னர்ல முக்கால்வாசி அடைச்சிருந்துச்சு. சாம்பல் கலர்ல துண்டு துண்டா, நகம் வெட்டிப் போட்ட மாதிரி. கேஸ்கட் பேஸ்ட். இன்ஜினையும் சம்பையும் ஒட்ட வைக்கத் தடவுறது. ஃபேக்டரில அளவுக்கு மேல தடவிட்டா உள்பக்கமா பிதுங்கும். ஓட ஓடப் பிஞ்சு எண்ணெய்ல விழுந்து, நேரா சல்லடைல போய் உட்காரும். ரோட்ல ஓட்டினா கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். நீண்ட வளைவுல எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்போது, அடைச்ச சல்லடை வழியா எண்ணெய் ஏறாம இன்ஜினுக்கு மூச்சு முட்டிடும். நீ ட்ராக்குக்குப் போகாம இருந்திருந்தா என்னிக்காவது ஹைவேல போயிருக்கும். நடு ரோட்ல, பின்னாடி லாரி வர்றப்ப.

மறுநாள் வாரண்டி பார்க்கிற இன்ஸ்பெக்டர் வர்றார்னு சொன்னாங்க. உனக்குத்தான் தெரியுமே. வீட்டுக்கு ஆளு வந்தா நான் கதவுக் குமிழக்கூடத் துடைக்கிறவன். அந்தக் குப்பையப் பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? "ஐயோ, என் தங்கச்சி வண்டி இவ்வளவு அழுக்கா இருக்கே, வண்டிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன்னு எழுதிடுவானே"ன்னு. அதக் கொண்டுபோய்ப் பார்ட்ஸ் கழுவுற தொட்டில போட்டு, பிரஷ் வச்சுத் தேய்ச்சு, காத்து அடிச்சுத் துடைச்சு வச்சேன். வேற யாரு வண்டியா இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். அப்படியே போட்டோ எடுத்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் "ஸ்ட்ரெய்னர் க்ளீன்"னு எழுதறப்பதான் எனக்கு உறைச்சுது. வாயத் திறந்திருக்கணும். திறந்தா முதல் கேள்வி, ஏன் கழுவினேன்னு வரும். அதுக்குப் பதில் நீ.

இப்ப அந்தத் துண்டெல்லாம் தொட்டித் தண்ணியோட சாக்கடைக்குப் போயாச்சு. என் வாய் வார்த்த மட்டும்தான் மிச்சம். அண்ணன் தங்கச்சிக்குச் சொல்ற சாட்சிய எவன் மதிப்பான்? என் வேலையும் போகும், உனக்கு இன்ஜினும் வராது.

திட்டணும்னா திட்டு. ஆனா கையெழுத்துப் போட்டுடு.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

திட்ட மாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். உலகத்திலேயே தங்கை வண்டியின் இன்ஜினை உள்ளே வரை குளிப்பாட்டி அனுப்பிய ஒரே அண்ணன் நீதான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதம் என்னை இந்த இரண்டு சொல்லோடு உட்கார வைத்துவிட்டு, நீ தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்கான கோபம் தனியாக இருக்கிறது. அதைப் பிறகு தருகிறேன்.

உன்னைப் பேசச் சொல்ல மாட்டேன். உன் பெயரை எங்கும் எழுத மாட்டேன். ஆனால் கையெழுத்தும் போட மாட்டேன். நடு ரோட்டில், பின்னால் லாரி வரும்போது இன்ஜின் போயிருக்கும் என்று எழுதியது நீதான்; இதே காரை அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் நான் என் தவறு என்று எழுதிக் கொடுத்தால், அது என்னைப் பற்றிய பொய்யாக மட்டும் இருக்காது.

இன்னொன்று கவனித்தேன். ஓர் அலமாரியில் என்ன இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். என்ன இல்லை என்று பார்ப்பதற்குத்தான் நூலகத்தில் எனக்குச் சம்பளம். இன்ஜினின் பாகப் படத்தை வைத்துக்கொண்டு ஐந்தாவது புகைப்படத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சம்ப் இல்லை. எண்ணெய் தேங்கும் அந்தப் பெரிய சட்டி. வெள்ளைத் துணியிலும் இல்லை, மற்ற ஐந்து படங்களிலும் இல்லை.

பேஸ்ட் பிதுங்கியது சம்பின் விளிம்பில் என்றாய். பிதுங்கியதெல்லாமா பிய்ந்து விழுந்திருக்கும்? மீதி எங்கே? அதையும் குளிப்பாட்டினாயா?

வாரண்டி புத்தகம், ஐம்பத்து மூன்றாம் பக்கம்: கழற்றிய பாகங்களை, வாரண்டி மறுத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள் வைத்திருக்க வேண்டும், உரிமையாளர் கேட்டால் காட்ட வேண்டும். ஏப்ரல் 17 வரை கணக்கு. எல்லாப் பாகங்களையும் உள்ளது உள்ளபடி, தலைமை அலுவலகப் பொறியாளர் முன்னிலையில் காட்டும்படி இன்று பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறேன். அன்பான சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

தங்கை


ஏப்ரல் 9

பூனை,

உன் தபால் வந்துச்சு. மேலாளர் நின்னுக்கிட்டே படிச்சார். அப்புறம் உட்கார்ந்து படிச்சார். "அந்தப் பொண்ணு அன்னிக்கு நாலு வார்த்த பேசல. பேப்பர்ல என்னய்யா வக்கீல் நோட்டீஸ் மாதிரி விடுது"ன்னார். நான் "ஆமா சார், ஊமைக் கோட்டான்"னேன். மன்னிச்சுக்கோ.

சம்ப் இருக்கு. தொட்டில நுழையல, அதனால கழுவல. நியூஸ் பேப்பர்ல சுத்தி ஸ்டோர்ல மேல் ரேக்குல வச்சவன் மறந்தே போயிட்டேன். பத்து வருஷ மெக்கானிக்குக்கு லைப்ரரிக்காரி வந்து சொல்ல வேண்டியிருக்கு.

நேத்து இறக்கிப் பார்த்தேன். உள் விளிம்பு முழுக்கப் பேஸ்ட் தொங்குது. பாதி பிஞ்சு, பாதி ஒட்டிக்கிட்டு. பழைய சாமான் எடுக்கிறவன் வியாழக்கிழமை வர்றதா இருந்துச்சு. சிவப்பு டேக் கட்டி, ஸ்டோர்காரர் கையெழுத்து வாங்கி, லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டேன். தொடக்கூட இல்ல. கை பரபரன்னுதான் இருந்துச்சு.

16ஆம் தேதி தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வர்றாங்களாம். இன்ஜினியர். உன்னையும் கூப்பிடுவாங்க, ஆனா உள்ள விட மாட்டாங்க, கண்ணாடிக்கு வெளிய உட்கார வைப்பாங்க.

ஸ்ட்ரெய்னரப் பத்தி நான் சொல்லிடறதா இருக்கேன்.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணா,

சொல்லாதே. சம்ப் இருந்தால் போதும். அண்ணியையும் போர்மேன் வேலையையும் நினைத்துக்கொள். இதை நான் தனியாகவே முடிப்பேன்.

தங்கை


ஏப்ரல் 17

பூனை,

நேத்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ மடில புத்தகத்த வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த. ஒரு மணி நேரத்துல ஒரு பக்கம்கூடத் திருப்பல. உள்ள நடந்தத எழுதறேன்.

அந்த இன்ஜினியரம்மா மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு சம்பத் திறக்கச் சொன்னாங்க. நகத்தால விளிம்பச் சுரண்டினாங்க. பேஸ்ட் பல்லி வால் மாதிரி கையோட வந்துச்சு. மேலாளர் உடனே, "பேஸ்ட் எல்லா வண்டிலயும் கொஞ்சம் பிதுங்கும் மேடம். ஸ்ட்ரெய்னருக்குப் போயிருந்தாதானே பிரச்சன?"ன்னார். அவங்க ஸ்ட்ரெய்னர எடுத்து வெளிச்சத்துல பார்த்தாங்க.

"இது இவ்வளவு சுத்தமா இருக்கே?"

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு மேடம்"னார் மேலாளர். அவருக்கு நிஜமாவே அப்படித்தான் தெரியும். பாவம்.

அந்தம்மா பேனாவ எடுத்தாங்க. அதே வரியத்தான் திரும்ப எழுதப் போறாங்கன்னு தெரிஞ்சுது.

"வரும்போது அப்படி இல்ல மேடம். நான்தான் கழுவினேன்"னேன்.

"எதுக்கு?"

"முக்கால்வாசி அடைச்சிருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. தங்கச்சி வண்டி."

மேலாளர், "யாரு தங்கச்சி?"ன்னார்.

"வெளிய உட்கார்ந்திருக்கா பாருங்க சார். கூடப் பொறந்தவ."

"ஊமைக் கோட்டான்னு சொன்னியேய்யா?"

"வீட்லயும் அப்படித்தான் சார் சொல்லுவோம்."

அந்தம்மா சிரிக்கல. "அப்ப சம்ப ஏன் கழுவல?"ன்னு கேட்டாங்க. "தொட்டில நுழையல மேடம்"னேன். அப்ப சிரிச்சாங்க. அப்புறம், உறவ மறைச்ச ஆளோட பேச்ச எப்படி நம்புறதுன்னு கேட்டாங்க. "நம்ப வேண்டாம் மேடம். எங்க கம்பவுண்ட்ல இதே மாடல் விக்காம நாலு நிக்குது. ஒண்ணோட சம்பக் கழட்டிப் பாருங்க"ன்னேன். கழட்டினோம். நான் இல்ல, வேற ஆளு. அதுலயும் தொங்குச்சு.

சாயங்காலம் என்ன மறு உத்தரவு வர்ற வரைக்கும் வர வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஸ்பேனர் எல்லாம் என் சொந்தக் காசுல வாங்கினது. ரெண்டு நடையா வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். அண்ணிகிட்ட சொல்லிட்டேன். "பெட்டிய எங்க வைக்கப் போற?"ன்னு மட்டும் கேட்டா.

நீ சொல்லாதன்ன. நீ சொன்னத என்னிக்கு நான் கேட்டேன்?

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

நேற்று அவர்களின் கடிதம் வந்தது. புது இன்ஜின் தருகிறார்களாம். நல்லெண்ண அடிப்படையில். பழைய அறிக்கை அப்படியே இருக்கும். பேஸ்ட்டைப் பற்றி நான் யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், உன் மேல் எடுக்கும் நடவடிக்கையையும் "கனிவோடு பரிசீலிப்பார்களாம்". அந்த வரியை எழுதியவர் கெட்டிக்காரர்.

இதுவரை எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. கார் என்னுடையது, பெயர் என்னுடையது. இந்த முறை என் பிடிவாதத்துக்கு நீ விலை கொடுக்க வேண்டும். கடித உறையை எடுத்துக்கொண்டு காலையில் உன் தெருமுனை வரை வந்தேன். வாசலில் நீ ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாய். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

உன்னிடம் இதுவரை கேட்காததை இப்போது கேட்கிறேன். நீ போடு என்றால் போடுகிறேன். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், இப்போதும் சரி, பத்து வருடம் கழித்தும் சரி.

தங்கை


மே 1

பூனை,

போடாத.

அண்ணன்

பி.கு. அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. இந்தத் தடவ என் முன்னாடியே பிரிச்சுப் படிச்சாங்க. உனக்கு ஏன் தெருமுனை வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள வரலன்னு கோபம்.


(இந்தக் கடிதங்களை வைத்திருக்கும் உறையின் மேல், தங்கையின் கையெழுத்தில்)

கையெழுத்துப் போடவில்லை. மே 30 அன்று, அந்தப் பொறியாளர் பார்த்ததை வைத்துத் திருத்திய அறிக்கை வந்தது. "தவறான பயன்பாடு" என்ற சொற்கள் அதில் இல்லை. காரணம் என்ற இடத்தில் "தயாரிப்புக் குறை" என்று இருந்தது. ஜூன் 18 அன்று புது இன்ஜினைப் பொருத்தினார்கள். பொருத்தியது வேறு கை. உறவை மறைத்த குற்றத்துக்காக அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜூலை 5 அன்று, அவன் வாடகைக்கு எடுத்த ஷெட்டுக்கு அதே மாடல் கார் ஒன்று வந்தது. யாரோ ஒருவருடையது. அண்ணன் சம்பைக் கழற்றி, எதையும் கழுவாமல், முதலில் புகைப்படம் எடுத்தான்.